கார்பன் துணி சுற்றிய தூண்

லாரி மோதினால் இரும்புத் தூண் உடைந்து விழும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் உடைவதில்லை. குழாய்த் தூண் என்றால் மோதிய இடம் உள்வாங்கிக் குழி விழும். மேலே பாரம் அழுத்திக்கொண்டே இருப்பதால், குழி விழுந்த இடத்தில் தூண் மடங்கப் பார்க்கும். இன்னொரு இடி வாங்கினால் அங்கேதான் மடங்கும். அப்படி மடங்காமல் இருக்க, தூணைச் சுற்றிக் கண்ணாடி இழைத் துணியையும் அதன்மேல் கார்பன் இழைத் துணியையும் பசை போட்டு இறுக்கி ஒட்டுவது என் வேலை. கை முறிந்தவருக்குக் கட்டுப் போடுவதைப் போல என்று அம்மாவுக்குச் சொல்லிப் புரியவைத்திருக்கிறேன். "இரும்புக்கே கட்டா? நல்லா கீதுடி உன் வேல" என்று சிரித்தாள்.

எங்கள் கம்பெனி மண்ணூர்பேட்டையில், அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பின்பக்கத் தெருவில் ஒரு மாடியில் இருக்கிறது. பெரிய கம்பெனி இல்லை. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்து வெளியே வந்தவர் முதலாளி. தூண் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போடவும், வேலை நடக்கும் தளத்தில் நிற்கவும் நான். ஒரு மேஸ்திரி, அவர் கீழே சில ஆட்கள். கோவில்பதாகையிலிருந்து நான் ஸ்கூட்டரில் போய் வருவேன். வேலை எங்கே இருக்கிறதோ அங்கே நேராகப் போகும் நாட்கள்தான் அதிகம்.

ஒரு கோடவுன் வேலை போன் மூலமாக வந்தது. பூந்தமல்லி தாண்டி, செம்பரம்பாக்கம் பக்கம் வரிசையாக கோடவுன்கள் வந்துவிட்டன அல்லவா, அதில் ஒன்று. மேனேஜர் பேசினார். "ஒரு சின்ன இன்சிடென்ட் மேடம். டிரெய்லர் பின்னாடி வரும்போது லோடிங் பே பில்லர்ல தட்டிடுச்சு. வெல்டிங் பண்ண முடியாது, உள்ள பெயின்ட், தின்னர் எல்லாம் ஸ்டாக் இருக்கு. நீங்க துணி சுத்துறீங்களாமே."

சின்ன இன்சிடென்ட்டில் ஒரு மனிதர் செத்துப்போயிருந்தார் என்பதை அவர் போனில் சொல்லவில்லை. போய் இறங்கிய பிறகு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்தான் சொன்னார். லாரியைப் பின்னால் எடுக்கும்போது விசில் ஊதி வழிகாட்ட ஒரு செக்யூரிட்டி இருந்திருக்கிறார். ஐம்பது வயதைத் தாண்டியவர். தூணுக்கு முன்னால் நின்று ஊதிக்கொண்டிருந்தவரை டிரைவர் கண்ணாடியில் பார்க்கவில்லை. டிரெய்லரின் பின்பக்கம் அவரைத் தூணோடு சேர்த்து அழுத்திவிட்டது.

நான் தூணைப் பார்த்தேன். நெஞ்சு உயரத்தில், ஒரு பெரிய கிண்ணத்தைக் கவிழ்த்து அழுத்தி எடுத்தது போல குழி. பெயின்ட் உரிந்து துரு ஏறத் தொடங்கியிருந்தது. மேலே கூரையைத் தாங்கும் உத்திரம் லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அளவெடுக்கக் குனிந்தபோதுதான் கீழே கவனித்தேன். தூணின் அடித்தகட்டில் மெழுகு வழிந்து வழிந்து கெட்டியாகி, போல்ட்டுகளை மூடி, தூணின் மேலும் ஒட்டிக்கொண்டிருந்தது. புகை படிந்த கறுப்பு முழங்கால் உயரம் வரைக்கும் ஏறியிருந்தது.

"இது என்ன?" என்றேன்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் தலையைத் திருப்பி, உள்ளே பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாவைக் காட்டினார். செத்துப்போனவரின் மனைவி. கணவர் போன பிறகு இரக்கப்பட்டு அவளுக்கு அங்கேயே பெருக்குகிற வேலை போட்டுக் கொடுத்திருந்தார்கள். தினமும் காலையில் வேலைக்கு வந்ததும் அந்தத் தூணுக்குக் கீழே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிச் சிலுவை போட்டுக்கொண்டுதான் துடைப்பத்தைக் கையில் எடுப்பாளாம். தின்னர் இருக்கும் இடத்தில் நெருப்பு வைக்கக் கூடாது என்று மேனேஜர் பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறார். அவள் கேட்கவில்லை. அவளைக் கடிந்து பேச அங்கே யாருக்கும் வாய் வரவில்லை.

"நீங்க சொல்லிடுங்க மேடம். லேடீஸ் நீங்க சொன்னா கேட்பாங்க" என்று மேனேஜர் என்னிடம் தள்ளிவிட்டார்.

எனக்கு வேறு வழி இல்லை. பசை இரும்பின்மேல் ஒட்டவேண்டும் என்றால் இரும்பு வெறும் இரும்பாக இருக்கவேண்டும். பெயின்ட், துரு, எண்ணெய், மெழுகு எதுவும் இருக்கக் கூடாது. ஒட்டாத இடத்தில் துணி சும்மா போர்வை மாதிரிதான் இருக்கும், பாரம் தாங்காது.

அவள் பெருக்கி முடித்து வந்து தூணருகே உட்கார்ந்தாள். ஒல்லியான உடம்பு, கம்பெனி கொடுத்த நீலக் கோட்டு தோளில் தொங்கியது. நான் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"அக்கா, இந்த மெழுகை எல்லாம் சுரண்டி எடுக்கணும். இருந்தா எங்க துணி ஒட்டாது."

"எட்த்துக்கம்மா" என்றாள் உடனே. "நான் வேற எடத்துல ஏத்திக்கிறேன். கேட்டாண்ட ஏத்திக்கிறேன்."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் நினைக்கவில்லை. எழுந்திருக்கப் போனேன். அவள் குழியைக் காட்டினாள்.

"அந்தப் பள்ளத்த இன்னா பண்ணுவ?"

"புட்டி போட்டு நிரப்பி மட்டமாக்கி, மேல துணி சுத்திருவோம்."

"வெளிய தெரியாதா?"

"தெரியாதுக்கா."

"அது ஒண்ணுதாம்மா கீது" என்றாள். "பொட்டிய தெறக்கவே வுடல. தெறக்காதம்மா, வாணாம்னு எல்லாரும் புட்ச்சி இஸ்துகினாங்க. மூஞ்சியகூட பாக்கல நானு. டெய்லி வந்து இத்த தொட்டுப் பாத்துகினு கீறேன். இத்த மூடிட்டா எத்த தொடுவேன்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அந்தப் பள்ளத்தை அப்படியே விட்டா, இன்னொரு தரம் வண்டி இடிச்சா அங்கதான் மடங்கும்க்கா. மேல இருக்கிற கூரை கீழ வந்துரும். நிக்கிறவங்க மேல விழும்."

"யாரு நிக்கிறாங்க?"

"விசில் ஊதறவங்க."

"நான்தான ஊதறேன்" என்றாள்.

கோட்டுப் பையிலிருந்து பிளாஸ்டிக் விசிலை எடுத்துக் காட்டினாள். அவருக்குப் பதிலாக வேறு செக்யூரிட்டி போடவே இல்லை. வண்டி வரும் நேரத்தில் யார் கை காலியாக இருக்கிறதோ அவர் ஊதவேண்டும் என்று ஏற்பாடாம். யார் கையும் காலியாக இருப்பதில்லை, துடைப்பம் பிடித்த கையைத் தவிர. அன்று மதியமே நான் பார்த்தேன். ஒரு நீளமான டிரெய்லர் பின்னால் வந்துகொண்டிருக்க, அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடிப்போய், வண்டிக்கும் தூணுக்கும் நடுவில் நின்று "வா, வா, வா" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் நின்ற அதே இடம். அந்த இடத்தில் நின்றால்தான் டிரைவருக்குக் கையாவது தெரியும் என்று பிறகு சொன்னாள்.

நான் நேராக மேனேஜரிடம் போனேன். நல்ல மனிதர்தான், கத்துகிறவர் இல்லை. சொன்னதை எல்லாம் கேட்டார். தூணைப் பலப்படுத்தினால் கூரைதான் பிழைக்கும், மனிதருக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் இல்லை என்று சொன்னேன். தூணுக்கு முன்னால் தரையில் குழாய் பதித்து கான்கிரீட் நிரப்பி, குட்டையாக மஞ்சள் கம்பங்கள் நடுங்கள், வண்டி தூண்வரை வரவே முடியாது என்றேன்.

"புரியுது மேடம். ஹெட் ஆபீஸ்ல பில்லருக்குத்தான் அப்ரூவல். கம்பம் நட்டா டிரெய்லர் திரும்ப இடம் பத்தாதுன்னு சொல்றாங்க."

"அப்போ ஆள் நிக்காத மாதிரியாவது பண்ணுங்க. கேமரா வைங்க."

"எழுதுறேன் மேடம்" என்றார்.

எழுதினார் என்றுதான் நினைக்கிறேன். எதுவும் வரவில்லை.

நாங்கள் வேலையைத் தொடங்கினோம். கிரைண்டர் ஓட்டினால் பொறி பறக்கும் என்று அனுமதி தரவில்லை. கம்பி பிரஷ்ஷும், உப்புத்தாள் மாதிரி இருக்கும் எமரித் தாளும்தான். பெயின்ட்டைக் கையால் தேய்த்து எடுப்பது கொடுமையான வேலை. ஆட்களுக்கு விரல் நுனி எல்லாம் பிய்ந்துபோனது. மெழுகை மேஸ்திரியே உட்கார்ந்து சுரண்டினார். சுரண்டியதைக் குப்பையில் போட மனம் வராமல் ஒரு கவரில் போட்டு அந்த அம்மாவிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

குழி விழுந்த இடத்துக்கு வந்தபோது அவள் மேஸ்திரியிடம் கை நீட்டினாள். "நைனா, அந்த பேப்பர குடு. அத்த நான் தேக்கிறேன்."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

எமரித் தாளை மடித்து, குழிக்குள் கையை விட்டு அவள் தேய்த்தாள். முதலில் துரு பொடிப்பொடியாக உதிர்ந்தது. அப்புறம் பழைய சிவப்பு பிரைமர். பிறகு மெல்ல மெல்ல வெள்ளையாக இரும்பு தெரிய ஆரம்பித்தது. டீ நேரம் வந்து போனது, அவள் நிறுத்தவில்லை. அழவும் இல்லை. பாத்திரம் விளக்குகிறவளின் முகம்தான். ஆட்கள் தள்ளி நின்றார்கள். குழி முழுக்கப் பளபளவென்று ஆனபோது நெருங்கிப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் தேய்த்த இடங்களைவிட அது சுத்தமாக இருந்தது.

மேஸ்திரி, பிசுக்கை எடுக்கும் அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்தார். "இனிமே கை வெக்கக் கூடாதும்மா. கையில எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், ஒட்டாது" என்றார் தயங்கித் தயங்கி.

அவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். நாங்கள் புட்டியைக் குழைத்துக் குழியில் அப்பி மட்டமாக்கும் வரைக்கும் அப்படியே நின்று பார்த்தாள். மூடி முடிந்ததும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மற்றதெல்லாம் எப்போதும் போலத்தான். புட்டி இறுகிய பின் பிரைமர். கார்பன் நேராக இரும்பில் பட்டால் இரும்பு அரித்துப்போகும், அதனால் முதலில் கண்ணாடி இழைத் துணி. அதன்மேல் கறுப்புப் பட்டு மாதிரி இருக்கும் கார்பன் துணி, சுற்றுக்குமேல் சுற்று. பசை கெட்டியாவதற்குள் ரோலர் போட்டுக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றவேண்டும். அந்த வரிசையில் இருந்த எல்லாத் தூண்களுக்கும் அதே மாதிரி செய்தோம். இறுகியதும் சாம்பல் பெயின்ட் அடித்து, மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்டுவிட்டு இறங்கினோம். எந்தத் தூணில் ஆள் செத்தார் என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது.

கிளம்பும் நாளன்று அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "அக்கா, வண்டிக்கும் தூணுக்கும் நடுவுல நிக்கவே நிக்காதீங்க. பக்கவாட்டுல, தள்ளி நில்லுங்க. டிரைவருக்குத் தெரியலன்னா தெரியாமப் போகட்டும். இடிச்சாலும் பரவாயில்ல, தூண் தாங்கும்."

"தாங்குமா?"

"தாங்கும்க்கா."

"சரிம்மா. நீ சொன்ன எடத்துல நின்னுக்கிறேன்."

சில மாதங்கள் கழித்து, மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு காலை. நான் அம்பத்தூரில் வேறொரு தளத்தில் இருந்தேன். அந்த மேனேஜர் கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

"மேடம், உங்க பில்லர் நின்னுடுச்சு! அதே பில்லர், அதே மாதிரி டிரெய்லர், லோடோட வந்து மோதினான். ஒரு இஞ்ச் அசையல மேடம். கூரையில ஒரு ஷீட் கழலல. ஹெட் ஆபீஸ்ல எல்லாரும் பாராட்டுறாங்க."

"யாருக்காவது அடியா?"

அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "அந்த ஹவுஸ்கீப்பிங் லேடிக்கு லேசா அடி. ஆஸ்பிட்டல் அனுப்பியிருக்கோம்."

வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனேன். தூணில் மஞ்சள் பட்டை சுரண்டப்பட்டு ஒரு கீறல். அவ்வளவுதான். துணி பிரிந்திருந்தால் தட்டும்போது உள்ளே காலியாக இருப்பது போலச் சத்தம் வரும், அதற்காக ஒரு நாணயத்தை வைத்துத் தூணைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடத்தில் மட்டும் லேசாகப் பிரிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் கெட்டிச் சத்தம். குழி இருந்த இடமும் கெட்டியாக இருந்தது. என் தொழிலில் இதைவிட நல்ல பலன் கிடைக்காது.

தூணுக்குப் பக்கத்தில் தரையில் பெயின்ட் கொட்டி, அதைத் துடைத்த அடையாளம் பரவலாக இருந்தது. நடந்ததை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் சொன்னார்.

"அந்தம்மா நீங்க சொன்ன மாதிரிதான் மேடம் சைடுல நின்னுகினு இர்ந்துச்சு. நடுவுல நிக்கல. வண்டிக்காரன் பின்கதவ தொறந்து வெச்சிகினே ரிவர்ஸ் வந்தான், எப்பவும் அப்படித்தான் வருவானுங்க. தரை ஈரம், பிரேக் புடிக்கல. பில்லர்ல டொம்முனு மோதினான். பில்லரு அசையல. வண்டி குலுங்குன குலுக்குல, மேலடுக்குல இர்ந்த பேரல் வெளிய வந்து சைடுல சாஞ்சி அந்தம்மா இடுப்புல வுழுந்துச்சு."

ஒரு பலகைமேல் உட்கார்ந்தேன்.

இது பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. முதல் தடவை தூண் குழி வாங்கிக்கொண்டது, இடியில் கொஞ்சத்தை அந்தக் குழி தின்றது. இந்தத் தடவை தூண் குழி வாங்கவில்லை. அப்படியென்றால் அந்த இடி வேறு எங்கேயாவது போகவேண்டும். வண்டிக்குள் போனது. வண்டியிலிருந்து பேரலுக்குப் போனது. பேரலிலிருந்து அவள் இடுப்புக்கு. நாங்கள் தூணுக்குப் போட்ட கணக்கில் வண்டிக்கு ஒரு எடையும் ஒரு வேகமும் உண்டு. வண்டிக்குள் என்ன அடுக்கியிருக்கிறது, கதவு திறந்திருக்கிறதா, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதெல்லாம் அதில் கிடையாது. எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன், தூண் நன்றாக இருக்கிறது என்று அவர்களுக்கு எழுதிக் கொடுக்கும்போது, அந்த அம்மாவுக்கு நேர்ந்ததையும் மஞ்சள் கம்பம் இல்லாததையும் சேர்த்து எழுதவேண்டும் என்று. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நம்ம வேலை தூண் மட்டும்தாம்மா. அதைத் தாண்டி நாம எழுதினா, நாளைக்கு யாரும் நம்மளைக் கூப்பிட மாட்டாங்க."

"கூப்பிடலன்னா போகட்டும் சார்."

"உனக்குச் சுலபமா இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வெளியே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த எங்கள் ஆட்களைப் பார்த்துச் சொன்னார். நானும் அவர்களைப் பார்த்தேன். கடைசியில் அறிக்கையில் ஒரு வரி சேர்த்தார்: வண்டிகள் தூண்வரை வராமல் தடுப்பு அமைப்பது நல்லது. நல்லது என்ற சொல்லை மாற்றி அவசியம் என்று நான் போட்டேன். அதை அவர் அடிக்கவில்லை. அந்த அம்மாவைப் பற்றி ஒன்றும் இல்லை.

அவளைப் பார்க்கப் போனது அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் சொல்லி, வழியும் சொல்லியிருந்தார். பூந்தமல்லியில் ஒரு லைன் வீட்டின் கடைசி அறை. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. கட்டிலில் படுத்திருந்தாள். இடுப்பு எலும்பு முறிந்து உள்ளே தகடு வைத்திருந்தார்கள். எழுந்து நடக்க மாதக்கணக்கில் ஆகும், நடந்தாலும் குனிந்து பெருக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகள் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போயிருந்தாள்.

"வாம்மா, வா. ஊடு தேடி வந்துட்டியா? ஒக்காரு. டீ போட்டு குடுக்கக்கூட ஆள் இல்ல பாரு."

வாங்கிப்போன பழங்களை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவளே கேட்டாள்.

"பில்லரு இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆகலக்கா."

"பள்ளம்கூட வுழலியா?"

"விழல."

"நல்லா செஞ்சிருக்க கண்ணு" என்றாள். அவள் சொன்னதில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே பாராட்டினாள். அவள் குத்திப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க நான் சொன்ன எடத்துலதான் நின்னீங்களாமே" என்றேன்.

"ஆமாம்மா. நடுவுல நின்னுகினு இர்ந்தா நானும் அவுரு மாதிரி பூட்டிருப்பேன். மேனேஜரு வந்தாரு. மஞ்சக் கம்பம் நட்டுகினு கீறாங்களாமே?"

"ஆமாக்கா. ஃபோர்க்லிஃப்ட்காரர் சொன்னாரு, வேலை நடக்குது."

"டிரெய்லரு திரும்புதா?"

"திரும்புதுக்கா."

"அவுரு போனப்போ எடம் பத்தாதுன்னாங்க" என்றாள். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்குத் திரும்பக் கூப்பிடுவார்களா என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்கவில்லை.

வெளியே குழாயடியில் பெண்கள் குடம் வைத்துச் சண்டை போடும் சத்தம் கேட்டது. அவள் முகம் சுளித்து, பல்லைக் கடித்து, கொஞ்சம் அசையப் பார்த்தாள்.

"கண்ணு, கொஞ்சம் இந்தாண்ட திருப்பி வுடறியா? பொண்ணு வர்றதுக்கு நேரமாவும். ஒரே பக்கமா பட்த்துகினு முதுகு எரியுது."

எழுந்து அவள் அக்குளுக்குக் கீழே கை கொடுத்தேன். எந்தப் பக்கம் வலிக்கும் என்று அவளே சொல்லிச் சொல்லி, மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பினாள். முதுகில் ரவிக்கை வியர்த்து ஒட்டியிருந்தது. அதை இழுத்துவிட்டேன்.

"போதுமாக்கா?"

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.